காலண்டர்காரியின் பல்

வேல்விழி வாயைத் திறந்து சிரிக்கிற புகைப்படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் தெரிகிற பல் அவளுடையது அல்ல.

சிரிப்பு அவளுடையதுதான். கன்னத்தில் விழுகிற குழியும், சிரித்தால் காணாமல் போய்விடுகிற கண்ணும் அவளுடையவைதான். பங்குனிப் பொங்கலன்று கோயில் வாசலில் எங்கள் வார்டு மெம்பர் வழுக்கி விழுந்தார். எல்லாரும் ஐயையோ என்று ஓட, இவள் மட்டும் நின்ற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையால் வாயைப் பொத்த மறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் கதிரவன் கேமராவை அமுக்கினான். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. கதிரவன் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அந்தக் கேமராவும் கம்பெனியிலிருந்து இரவல் வாங்கி வந்ததுதான்.

நான் அவர்களுக்கு எதிர்வீடு. என்னை மதினி என்பாள். ஒரே வேனில் ஏறி ஒரே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். என் பல்லும் அதே லட்சணம்தான் என்பதால், நான் யாரையும் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, பஸ் மேற்கொண்டு போக வழியில்லாமல் திரும்பி வருகிற ஊர். முன்பு குடிகிணறு இருந்தது. அது வற்றியதும் ஆழமாக போர் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். தண்ணீர் வந்ததே பெரிது என்று குடித்தோம். போர் வந்த பிறகு பிறந்தவர்கள் அத்தனை பேருக்கும் பல் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாகப் பட்டை விழுந்து முளைத்தது. சிலருக்கு நடுவில் பள்ளம் வேறு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். வேப்பங்குச்சியில் நாங்கள் தேய்க்காத தேய்ப்பா? குச்சிதான் தேய்ந்தது.

வெளியூர்க் கல்யாண வீடுகளில் எங்கள் ஊர்ப் பெண்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அடக்கமான பிள்ளைகள் என்று நல்ல பெயர் வேறு. அடக்கமாவது மண்ணாவது!

வேல்விழி எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற இடத்தில் என் பக்கத்தில் உட்கார்வாள். சாயங்காலம் முழங்கை வரை வெள்ளி பூசின மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிச் சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். வேனில் ஏறியதும் அவள் கச்சேரி ஆரம்பமாகும். ஃபோர்மேன் இருமுவது, கணக்குப்பிள்ளை மூக்குப்பொடி போடுவது, முதலாளி மகன் காரிலிருந்து இறங்கி வேட்டியைத் தேடுவது, எல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவாள். வேன் குலுங்கும். மறுநாள் அவள் வரவில்லை என்றால் டிரைவர்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டுவார். அத்தனை பேரையும் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவள், தான் சிரிக்கும்போது மட்டும் முந்தானையை இழுத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. உள்ளூரில் கட்ட மாட்டேன் என்பாள். உள்ளூர் மாப்பிள்ளைகள் மேல் வெறுப்பெல்லாம் கிடையாது.

“மதினி, எங்கம்மா பல்லப் பாத்தீகளா? வெத்தல போட்டுச் செவந்து போயிருக்கே தவிர, ஒரு கற கெடையாது. ஏன்னா அது வேற ஊருத் தண்ணி குடிச்சு வளந்த பல்லு. நானும் வேற ஊருக்குப் போயிட்டா, எம் பிள்ளைக்காச்சும் நல்ல பல்லு முளைக்கும்ல?” என்று ஒருநாள் வேனில் என் காதோடு சொன்னாள்.

கல்யாணமே ஆகாதவள் பிள்ளையின் பல்லுக்குக் கவலைப்படுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பங்குனிப் படத்தைக் கதிரவன் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அவன் வேலையே அதுதான். காலண்டரில் வருகிற பெண்களுக்குப் பருவை எடுப்பான், பல்லை வெளுப்பான், தேவைப்பட்டால் சாமிக்கே கன்னத்தைச் சிவப்பாக்குவான். ஊரார் பல்லையெல்லாம் நாள் முழுக்க வெளுத்துக்கொண்டிருந்தவனுக்குத் தங்கச்சி பல்லைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? வெளுத்துப் பார்த்திருக்கிறான். பட்டை போகவில்லை. நகைக்கடைக் காலண்டர் ஒன்றுக்குச் சிரித்திருந்த ஏதோ ஒரு பெண்ணின் பல்வரிசையை அப்படியே எடுத்துத் தங்கச்சி வாயில் பொருத்திவிட்டான். ஆசைக்குச் செய்ததுதான். அச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். எல்லாரும் பார்த்தோம். எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா! இந்தத் தண்ணீர் மட்டும் இல்லாவிட்டால் இவள் இப்படித்தானே இருந்திருப்பாள் என்று எனக்கு இருந்தது.

ஐப்பசி மாதம் தரகர் வந்து போட்டோ கேட்டபோது வேலுத்தாய் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். வேல்விழியின் அம்மா அவள். வாயை மூடிக்கொண்டு நிற்கிற படங்கள் பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணணும்பாக. இது ஒண்ணுதான?” என்றாள் என்னிடம்.

படம், நாங்கள் வத்ராப்பு என்று சொல்கிற வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. மலையிலிருந்து வருகிற தண்ணீரைக் குடிக்கிற ஊர். மாப்பிள்ளை பாலகுரு ராஜபாளையத்தில் மில் வேலை. அவன் அம்மா முத்துமாரியம்மாள் படத்தைப் பார்த்ததுமே, சிரிச்ச முகமா இருக்கா, இந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டாளாம். தீபாவளி முடிந்து கம்பெனியெல்லாம் லீவு விட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

எந்தப் படம் போயிருக்கிறது என்பதே அப்போதுதான் வேல்விழிக்குத் தெரிந்தது. அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். தெருவே கேட்கிற மாதிரி சத்தம்.

“ஏலே அண்ணா, எவ பல்லையோ எடுத்து எவ வாயில வச்சிருக்க! இப்ப அவளப் போயி கூட்டிட்டு வா, அவளே பொண்ணா நிக்கட்டும்.”

கதிரவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேலுத்தாய் சமாதானம் சொன்னாள்.

“வாயத் தொறக்காம இரு. கேட்டதுக்கு மட்டும் தலைய ஆட்டு. வெக்கம்னு நெனச்சுக்கிருவாக.”

“எம்புட்டு நாளைக்கும்மா தலைய ஆட்ட? கட்டிக்கிட்டுப் போன பெறகும் ஆட்டிக்கிட்டே இருக்கவா?”

ஆனால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்று அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை. கோபம் அடங்கினதும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “வத்ராப்புத் தண்ணி இனிப்பா இருக்குமாம் மதினி” என்றாள்.

சிவகாசியில் ஒரு பல் டாக்டரிடம் தாயும் மகளும் போனார்கள். துணைக்கு நானும் போனேன். சின்ன வயசு டாக்டர், மரியாதையாகத்தான் பேசினார். வேல்விழி வாயைத் திறந்ததுமே, “எந்த ஊரும்மா, ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கமா?” என்று கேட்டுவிட்டார். முகவரியைப் பல்லிலேயே எழுதி வைத்திருக்கிறோம்!

“இது மேல ஒட்டின கறை இல்ல. தண்ணில இருக்கிற ஒரு உப்பு, பல்லு உருவாகும்போதே உள்ள ஏறிருது. தேய்ச்சா போகாது. முன்பல்லுக்கு உறை போடலாம். அளவெடுத்து மதுரைக்கு அனுப்பித்தான் செய்யணும், ரெண்டு மாசம் ஆகும். வீட்டுல கண்டதையும் போட்டுத் தேய்க்காதீங்க, இருக்கிற பல்லும் போயிரும்” என்றார்.

ஆகிற செலவைக் கேட்டதும் வேலுத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். வேல்விழி எழுந்திருக்கவில்லை.

“அப்ப எனக்குப் பிள்ள பெறந்தா அதுக்கும் இப்பிடித்தான் வருமா சார்?”

வேலுத்தாய் மகள் தொடையில் கிள்ளினாள். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“அது எந்தத் தண்ணியக் குடிச்சு வளருதுங்கிறதப் பொறுத்தது. பால் பல்லு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். அது விழுந்து முளைக்குது பாருங்க, அதுலதான் கறை வரும். ஈறுக்குள்ள அது சின்ன வயசுலயே உருவாக ஆரம்பிச்சிரும்.”

டாக்டர் வேண்டாம் என்றதையெல்லாம் செய்யவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அடுப்புக்கரியையும் உப்பையும் கலந்து தேய்த்தாள். செங்கல் பொடியில் தேய்த்தாள். ஆப்ப சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அது பொங்கப் பொங்கத் தேய்த்தாள். டிவியில் விளம்பரம் வருகிற பேஸ்ட் எல்லாம் வந்தது. தெருப் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொன்னவர்களின் பல்லைப் பார்த்தாவது அவள் யோசித்திருக்க வேண்டும். ஈறு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். பட்டை அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் கறைக்கும் ஒரு மருந்து இருக்கிறது, அது எது என்று தெரிந்தால் போதும் என்பது. கையில் ஏறுகிற வெள்ளிக்கு எண்ணெய் இருக்கிறது. துணியில் ஏறுகிற மஞ்சளுக்கு ஒன்று, மைக்கு ஒன்று என்று இருக்கிறது. அச்சாபீஸில் பிளேட் என்கிற அச்சுத் தகட்டில் வேண்டாத புள்ளி விழுந்தால், சின்ன பிரஷ்ஷில் ஒரு ஆசிட்டைத் தொட்டு வைப்பார்கள். புள்ளி மறைந்து பிளேட் பளிச்சென்று ஆகிவிடும். வேல்விழி ஒரு வருஷம் அங்கே காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலைக்குப் போனவள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“கையில இருக்கிறது போகுது, பிளேட்டுல இருக்கிறது போகுது. பல்லுல இருக்கிறது மட்டும் போகாதாக்கும்” என்று அண்ணனிடம் கேட்டாள்.

கதிரவன் முதலில் முடியாது என்றான். அவனை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். படத்தில் பொய் வைத்தவன் அவன். அந்தப் பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு நெஞ்சில் பாரம். கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுத் தன் கடைவாய்ப் பல்லில் வைத்துப் பார்த்தான். வெளுத்தது. விடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி எடுத்து வந்தான். கடைவாய்ப் பல்லில் தொட்டு எடுப்பதும், முன்வாய் முழுக்கத் திரும்பத் திரும்பத் தடவுவதும் ஒன்றல்ல என்பதை அவனுக்கு யார் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் தடவினார்கள். நான் அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்றால், தெரியவில்லை. நானும் எனக்குக் கொஞ்சம் கேட்டிருப்பேனோ என்னவோ.

நான் திரும்பி வரும்போது அவள் தெருவில் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“மதினி, இங்கன பாருங்க.”

சிரித்தாள். பல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பட்டை இல்லை, காவி இல்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, வாய்க்குப் போகவில்லை.

“எரிச்சலா இருக்குல்ல?” என்று கேட்டேன். ஈறெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

“இருக்கு. இருந்துட்டுப் போகுது.”

அன்று சாயங்காலம் முழுக்க அவள் வீட்டுக்குள் போகவே இல்லை. குழாயடியில் நின்றாள், கடையில் நின்றாள், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினாள். ஃபோர்மேன் இருமுவதை முழுசாக ஒரு தடவை நடித்துக்காட்டி, முந்தானையைத் தொடாமல் சிரித்தாள். வேலுத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த ஒரு சாயங்காலம்தான். அவள் பல்லைக் காட்டி ஆசை தீரச் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உதடு தடித்திருந்தது. உள்ளே தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. எச்சில் விழுங்கவே முகத்தைச் சுளித்தாள். இருந்தும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்றாள்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பெண்ணைப் பார்க்கலாம் போலிருக்கிறது. முத்துமாரியம்மாள் பக்கத்தில் உட்காரவைத்து நாடியைத் தொட்டு, “போட்டோவுல எம்புட்டு அழகாச் சிரிச்ச தாயி! இப்பச் சிரி பாப்போம்” என்றாள்.

சிரித்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. பாலகுரு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேகமாகக் குனிந்துகொண்டான். நல்ல பையன் மாதிரிதான் இருந்தான்.

அப்புறம் அந்த அம்மாள் தூக்குவாளியைத் திறந்து, கொண்டுவந்திருந்த பால்கோவாவில் ஒரு விள்ளல் எடுத்து, வாய் இனிக்கட்டும் என்று அவள் வாயில் வைத்தாள். இனிப்புப் பட்ட உடனே வேல்விழியின் உடம்பு தூக்கிப் போட்டதைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். துப்பவில்லை. விழுங்கினாள். கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கியது.

“பாருங்க, இப்பவே அம்மாவ விட்டுப் போறதுக்கு அளுவுறா” என்று முத்துமாரியம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். தை மாதம் கல்யாணம்.

கார்த்திகை முடிவதற்குள் அந்த வெள்ளை காவியானது. காவி கறுப்பானது. அரிக்கப்பட்ட பல்லில் காபியும் குழம்பும் சுலபமாக ஏறின. முன்பை விட மோசம். மார்கழியில் ஓரம் பொடிப் பொடியாக உதிர ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் துடித்தாள். வெந்நீரும் ஆகவில்லை. சோற்றை ஆறவைத்துக் கரைத்துக் குடித்தாள். வேனில் அவள் வாயே திறப்பதில்லை. கல்யாணப் பெண் அல்லவா, வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கும் அவள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

“தாலி ஏறிட்டாப் போதும் மதினி. அதுக்குப் பெறகு என்ன வேணாலும் சொல்லிக்கிரட்டும். வெரட்டவா செய்வாக?” என்றாள்.

கூறைப் பட்டு எடுக்க ராஜபாளையத்துக்கு இரண்டு வீட்டாரும் போனோம். ஜவுளிக்கடையில் பாயை விரித்து உட்கார வைத்து, புடவைகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வேல்விழி அரக்கு நிறத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள், பேசவில்லை. கடைக்காரர் எல்லாருக்கும் குடிக்கக் கலர் வரவழைத்தார். ஐஸில் வைத்த கலர். வேல்விழி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முத்துமாரியம்மாள் விடவில்லை. “ஒரு வாய் குடி தாயி, வெயில்ல வந்திருக்க” என்று தானே பாட்டிலை அவள் வாயில் வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள்.

“அம்மா” என்று வேல்விழி போட்ட கூச்சலில் கடையே திரும்பியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாள். மூடினால் உதடும் பல்லும் உரசும் போல. எல்லாரும் பார்த்தார்கள். கறுத்து, உதிர்ந்து, பாதியாக நின்ற முன்பற்களை முத்துமாரியம்மாள் ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தாள்.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? கதிரவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், படத்திலிருந்து பாட்டில் வரை.

அந்த அம்மாள் கத்தவில்லை. அரக்குப் புடவையை மடித்துக் கடைக்காரரிடம் தள்ளினாள்.

“உங்க ஊருத் தண்ணி எப்பிடின்னு எங்களுக்குத் தெரியாதா? கறப் பல்லுன்னு சொல்லியிருந்தா அப்பிடியே கட்டியிருப்போமே. ஒருக்கா போட்டோவுல ஏமாத்துனீக, ஒருக்கா நேருல ஏமாத்துனீக. மூணாவது எதுல ஏமாத்துவீகளோ, யாரு கண்டா?”

கறைப் பல் என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பார்களா? படத்தில் சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் தேடி வந்தார்கள். ‘இப்பச் சிரி பாப்போம்’ என்று கேட்டதும் அதே அம்மாள்தான். கட்டியிருக்க மாட்டார்கள் என்றே நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலாவது அந்த அம்மாள் எழுந்து போயிருக்கலாம்.

வேல்விழி முத்துமாரியம்மாள் கையைப் பிடித்தாள். “நான் உங்க ஊருத் தண்ணிக்குத்தான் அத்த ஆசப்பட்டேன்” என்றாள். பல் உதிர்ந்த வாயில் பாதிச் சொல் காற்றாகப் போனது. அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். பாலகுரு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

முன்பற்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப்பல் வைக்கலாம் என்று கதிரவன் எவ்வளவோ கெஞ்சினான். இன்னொருத்தி பல்லே வேண்டாம் என்றுவிட்டாள். பல் போனால் சொல் போச்சு என்பது அவள் விஷயத்தில் அப்படியே நடந்தது. வேனில் ஃபோர்மேனும் இருமவில்லை, முதலாளி மகனும் இறங்கவில்லை. ஒருநாள் டிரைவர், “ஏ வேல்விழி, ஏதாச்சும் செஞ்சு காட்டேன்” என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதிரவன் இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான். பல்லும் வெளுக்கிறான். சீசன் வந்தால் அதுதானே வேலை.

மறு வருஷம் ஆவணியில் உள்ளூரிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அய்யாதுரை, பஞ்சாயத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆமாம், அதே போர் தண்ணீர்தான். காவிப் பல்லுக்காரர், குணத்தில் தங்கம். அவள் வாயைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகள் பிறந்தாள். மாரிசெல்வி என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பால் பல் முளைத்தபோது அரிசி மாதிரி வெள்ளை. தெருவில் எல்லாரும் கொஞ்சினோம். வேல்விழி கொஞ்சவில்லை. கம்பெனிக்கு லாரியில் நல்ல தண்ணீர் வரும். அதில் ஒரு பாட்டில் பிடித்து மடியில் வைத்துத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோவாள். பிள்ளை அதைத்தான் குடிக்க வேண்டும் என்பாள். கம்பெனித் தண்ணீர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஃபோர்மேன் ஒருநாள் பிடுங்கிக் கொட்டினார். மறுநாளும் பிடித்தாள். ஆனால் அவள் வேனில் ஏறிப் போன பிறகு அந்தப் பிள்ளை பால்வாடியில் குடித்தது என்ன தண்ணீர், தின்ற சோறு வெந்தது எந்தத் தண்ணீரில், தாகம் எடுத்தால் குழாயடியில் வாயை வைத்து உறிஞ்சியது யார் திறந்துவிட்ட தண்ணீர்? ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு ஊரையா மறைக்க முடியும்? அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கொண்டுபோனாள்.

போன தீபாவளிக்கு மறுநாள், மாரிசெல்விக்கு முதல் பல் ஆடி விழுந்தது. ரத்தப் புள்ளியோடு அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு, என் வீட்டுத் தொழுவத்தில் சாணி கேட்டு வந்தது. விழுந்த பல்லைச் சாணிக்குள் பொதிந்து கூரை மேல் எறிவது வழக்கம். எறிந்தால் அதைவிட நல்ல பல் முளைக்கும் என்பார்கள். நாங்கள் அத்தனை பேரும் எறிந்தவர்கள்தான்.

சாணியை எடுத்துக்கொண்டு நானும் பிள்ளையோடு போனேன். வேல்விழி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீயே எறி. நீ எறிஞ்சாத்தான் ஒசக்கப் போகும்” என்று பிள்ளை பல்லை அவள் உள்ளங்கையில் வைத்தது. ஓட்டை விழுந்த வாயைத் திறந்து சிரித்தது. மற்ற பல்லெல்லாம் அந்தக் காலண்டர்காரியின் பல் மாதிரி வெளேரென்று இருந்தன.

வேல்விழி சொளகைக் கீழே வைத்தாள். பல்லைத் தண்ணீரில் கழுவப் போனவள், குடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் துடைத்தாள். பிள்ளை சாணியை நீட்டிக்கொண்டு நின்றது.

“எறிம்மா.”

“இது நல்ல பல்லுடி. இதப் போயி எதுக்கு எறியணும்?”

பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். எறியச் சொல்லிப் பிள்ளை அழுதது. சாணிக் கையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனதும் அய்யாதுரை மோட்டார் போடப் போனார்.